நுரைச்சோலையின் புகையும் நுண்டுளைச் சட்டகங்களும்: வாயுப் பிரிப்பு மென்சவ்வுகள் பற்றிய ஒரு விளக்கம்

புத்தளம் கடனீரேரிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கி நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டில், நுரைச்சோலை மீன்பிடியையும் மணற்றரைத் தோட்டச் செய்கையையும் வாழ்வாதாரமாகக் கொண்ட ஊராகும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அண்டை அயலாக வாழும் இக்குடாநாட்டில், 1990இல் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினரும் வந்து குடியேறினர். இங்குதான் 2011ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் லக்விஜய நிலக்கரி மின்னிலையத்தின் முதலாவது தொகுதி இயங்கத் தொடங்கியது. ஒவ்வொன்றும் 300 மெகாவாற்று வலுவுடைய மூன்று தொகுதிகளும் 2014ஆம் ஆண்டளவில் நிறைவுற்றன. அன்று முதல் இலங்கையின் மின்வழங்கலில் மிகப் பெரிய தனி நிலையமாக விளங்குவது இதுவே. நாட்டின் காபனீரொட்சைட்டு வெளியேற்றத்தில் மிகப் பெரிய தனி ஊற்றாக விளங்குவதும் இதுவே.

2025ஆம் ஆண்டுக்கான இரசாயன நோபல் பரிசு, உலோக–சேதனச் சட்டகங்கள் எனப்படும் நுண்டுளைப் பொருள்களை உருவாக்கிய சுசுமு கித்தாகாவா, றிச்சட் றொப்சன், ஓமர் யாகி ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. இப்பொருள்கள் புகையிலிருந்து காபனீரொட்சைட்டைப் பிடிக்கவல்லன என்ற செய்தி உலகெங்கும் பரவியது. அவ்வாறாயின், நுரைச்சோலைப் புகைபோக்கியின் வாயிலில் இத்தகைய பொருளாலான ஒரு மென்சவ்வைப் பொருத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விடை, பொருளின் இரசாயனத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை. அது வைக்கப்படும் இடத்தின் அமுக்கத்திலும் ஈரத்திலும் சமூகச் சூழலிலும் தங்கியிருக்கின்றது.

1. பிரச்சினையின் அளவு

நிலக்கரியைக் கொண்டு ஒரு கிலோவாற்று மணி மின்சாரத்தைப் பிறப்பிக்கும்போது ஏறத்தாழ ஒரு கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியேறுகின்றது. இந்த எளிய விகிதத்தைக் கொண்டு கணித்தால், 900 மெகாவாற்றும் முழுமையாக இயங்கும் ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ 900 தொன்னும், ஒரு நாளில் ஏறத்தாழ 21,600 தொன்னும் வெளியேறும். பராமரிப்புக்காகத் தொகுதிகள் நிறுத்தப்படும் நாள்களைக் கழித்த பின்னரும் எஞ்சுவது பெருந்தொகையே.

ஆயினும் புகைபோக்கியிலிருந்து வருவது தனிக் காபனீரொட்சைட்டன்று. எரிப்பதற்கு வளியே பயன்படுவதால் புகையின் பெரும்பகுதி, அதாவது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, நைதரசனாகும். காபனீரொட்சைட்டு 12 முதல் 15 சதவீதம் வரையே உள்ளது. எஞ்சியவை நீராவியும் எரியாது தப்பிய ஒட்சிசனும், சிறிதளவு கந்தகவீரொட்சைட்டும், நைதரசன் ஒட்சைட்டுக்களும், நுண்சாம்பலுமாம். இக்கலவை வளிமண்டல அமுக்கத்திலேயே வெளிவருகின்றது. பின்னர் வரும் வாதத்துக்கு இவ்வமுக்கமே அடிப்படையாகையால் இதனை இங்கேயே மனங்கொள்ளல் வேண்டும்.

கலந்தவற்றைப் பிரிப்பதற்குச் சத்தி தேவை என்பது வெப்பவியக்கவியலின் விதி. 13 சதவீதக் கலவையிலிருந்து ஒரு தொன் காபனீரொட்சைட்டைப் பிரித்தெடுக்கக் கோட்பாட்டளவில் வேண்டிய குறைந்தபட்சச் சத்தி ஏறத்தாழ 45 கிலோவாற்று மணியாகும். எத்துணைச் சிறந்த பொருளைக் கண்டுபிடித்தாலும் இதற்குக் கீழே செல்லுதல் இயலாது. நடைமுறை முறைகளோ இதனைப் போலப் பன்மடங்கு சத்தியை விழுங்குகின்றன. அமைன் கரைசலாற் புகையைக் கழுவி, பின்னர் அக்கரைசலைக் கொதிக்கவைத்து வாயுவை விடுவிக்கும் மரபான முறையில், மின்னிலையம் தான் பிறப்பிக்கும் மின்சாரத்தில் 20 முதல் 30 சதவீதத்தை இழக்க நேரிடும். கரைசலைச் சூடாக்குவதற்கே பெரும்பகுதி செலவாகின்றது. கொதிக்கவைக்காமலே பிரிக்க இயலுமா என்ற கேள்வியிலிருந்துதான் மென்சவ்வின்பால் ஆய்வாளரின் நாட்டம் திரும்பிற்று.

2. மென்சவ்வு எவ்வாறு பிரிக்கின்றது

மென்சவ்வு என்பதை வெறுஞ் சல்லடை எனக் கொள்வது பாதி உண்மையே. சவர்க்கார நுரைக்குமிழி ஒன்றைக் காபனீரொட்சைட்டு நிறைந்த பாத்திரத்தினுள் மிதக்கவிட்டால் அது மெல்ல மெல்லப் பருப்பதைக் காணலாம். குமிழியின் படலத்தில் துளைகள் இல்லை. எனினும் காபனீரொட்சைட்டு அப்படலத்தின் நீரிற் கரைந்து, அதனூடாகப் பரவி, மறுபுறத்தில் வெளிப்படுகின்றது. நைதரசனும் ஒட்சிசனும் நீரில் அத்துணை எளிதிற் கரைவதில்லையாதலால் அவை உள்ளிருந்து வெளியேறப் பிந்துகின்றன. எனவே குமிழி பெருக்கின்றது.

1830ஐ அண்டிய ஆண்டுகளிற் பிலடெல்பியா நகரைச் சேர்ந்த மிச்செல் என்ற மருத்துவர், வெவ்வேறு வாயுக்கள் இறப்பர்த் தோலினூடாக வெவ்வேறு வேகத்தில் ஊடுருவுவதை அவதானித்தார். 1866இல் தோமஸ் கிரகாம் இதற்கு விளக்கம் அளித்தார். வாயு முதலில் இறப்பரிற் கரைகின்றது, பின்னர் பரவுகின்றது. இக்கரைதல்–பரவல் விளக்கமே இன்றுவரை பல்பகுதிய மென்சவ்வுகளின் அடிப்படைக் கோட்பாடாக உள்ளது. ஆயினும் இவ்வறிவு தொழிற்சாலையை அடைய ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1980ஐ அண்டியே ஐதரசனை மீட்டெடுக்கும் பொள்ளிழை மென்சவ்வுகள் அமெரிக்காவில் வணிகத்துக்கு வந்தன. அப்பத்தாண்டிலேயே இயற்கை வாயுவிலிருந்து காபனீரொட்சைட்டை அகற்றும் செலுலோசு அசற்றேற்று மென்சவ்வுகளும் பயன்பாட்டுக்கு வந்தன.

ஒரு மென்சவ்வின் தரத்தை அளவிட இரு பண்புகள் உள்ளன. எவ்வளவு வாயுவை விரைந்து செல்லவிடுகின்றது என்பது ஊடுவிடுதிறன். ஒரு வாயுவை விட்டு மற்றதை எவ்வளவுக்குத் தடுக்கின்றது என்பது தேர்வுத்திறன். 1991இல் றோபிசன் என்ற ஆய்வாளர் அக்காலத்தில் அறியப்பட்டிருந்த பல்பகுதியங்களின் அளவீடுகளையெல்லாம் ஒரே வரைபிற் குறித்து நோக்கினார். ஊடுவிடுதிறன் கூடக்கூடத் தேர்வுத்திறன் குறைந்து செல்வதையும், எந்தப் பல்பகுதியமும் ஒரு குறித்த எல்லைக் கோட்டைத் தாண்டாதிருப்பதையும் அவர் காட்டினார். காரணம் வெளிப்படை. பல்பகுதியச் சங்கிலிகள் அவித்த நூடில்சு போன்று ஒழுங்கின்றிச் சிக்கிக் கிடப்பவை. அவற்றிடையேயுள்ள இடைவெளிகள் ஒன்றுபோல் ஒன்றிருப்பதில்லை. இடைவெளியைப் பெருப்பித்தால் வேண்டாதவையும் நுழையும். சுருக்கினால் வேண்டியவையும் தடைப்படும்.

ஒரே அளவான துளைகளைக் கொண்ட ஒழுங்கான பொருள் கிடைத்தால் இந்த எல்லையைத் தாண்டலாம் அன்றோ?

3. சட்டகங்களின் வருகை

ஒழுங்கான நுண்டுளைகளைக் கொண்ட பொருளை இயற்கையே முன்னர் ஆக்கி வைத்திருந்தது. 1756இல் சுவீடன் நாட்டுக் கனிமவியலாளர் குறோன்ஸ்ரெற், சூடாக்கும்போது நீராவி பொங்கிய ஒரு கல்லை அவதானித்து, 'கொதிக்குங் கல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அதற்குச் சியோலைற்று எனப் பெயரிட்டார். சிலிக்கனும் அலுமினியமும் ஒட்சிசனும் கோத்த கூடுகளே சியோலைற்றுக்கள். ஆனால் அவற்றின் துளையளவையும் சுவரின் இயல்பையும் நாம் வேண்டியவாறு மாற்றுதல் எளிதன்று.

மெல்போணிற் கற்பித்துக்கொண்டிருந்த றொப்சன், 1974இல் மாணவருக்கான மூலக்கூற்று மாதிரிகளைச் செய்விக்கும்பொருட்டு மரப்பந்துகளிற் துளையிடும் இடங்களைக் குறிக்கவேண்டியிருந்தது. துளைகளின் நிலையே கட்டமைப்பு முழுவதையும் தீர்மானிக்கின்றது என்பதை அவர் உணர்ந்தார். அணுக்களுக்குப் பதிலாக முழு மூலக்கூறுகளையே இவ்வாறு கோத்தால் என்ன என்ற எண்ணம் 1989இற் பலித்தது. செம்பயன்களை மூட்டுக்களாகவும் நான்கு கரங்களுள்ள சேதன மூலக்கூறுகளை வளைகளாகவும் கொண்டு, வைரத்தின் அமைப்பையொத்த, ஆனால் உள்ளே பரந்த வெளிகளையுடைய பளிங்கொன்றை அவர் ஆக்கினார். 1997இற் கித்தாகாவாவின் குழுவினர், இத்தகைய சட்டகத்தினுள் வாயுக்கள் சென்று நிறையவும் மீளவும் வெளிவரவும் இயலும் என்பதையும், அவ்வாறு நிகழும்போது சட்டகம் சிதையாதிருப்பதையும் காட்டினர். 1995இல் இவற்றுக்கு 'உலோக–சேதனச் சட்டகம்' என்ற பெயரை வழங்கிய யாகி, 1999இல் நாக அயன்களைக் கொண்டு மொஃப்-5 என்ற பொருளை வெளியிட்டார். அதில் ஓரிரு கிராமினுள் ஓர் உதைபந்தாட்ட மைதானத்தளவு உட்பரப்பு அடங்கியுள்ளது. அம்மான் நகரிற் பலஸ்தீன அகதிக் குடும்பமொன்றிற் பிறந்தவர் யாகி என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. 2005இல் உலோகமேயின்றி, பங்கீட்டுவலுப் பிணைப்புக்களால் மட்டும் ஆன சேதனச் சட்டகங்களும், 2006இல் சியோலைற்றின் வடிவை ஒத்த இமிடசோலேற்றுச் சட்டகங்களும் வெளிவந்தன.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு. வீடு கட்டுவோர் வளையும் தூணும் பொருத்தி முதலில் நிறுத்தும் எலும்புக்கூட்டுக்கு வழங்கும் சட்டகம் என்ற சொல் இங்கு நன்கு பொருந்துகின்றது. மூட்டு உலோகம், வளை சேதன மூலக்கூறு, அறை வெற்றிடம். வளையின் நீளத்தை மாற்றினால் அறையின் அளவு மாறும். அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகள் தந்த 'சேதனம்', 'காபனீரொட்சைட்டு' ஆகிய சொற்களோடு இதுவும் இணைந்து வழங்கத்தக்கது.

பிரிக்கவேண்டிய மூலக்கூறுகளின் பருமனை நோக்குவோம். வாயுப் பிரிப்பிற் பயன்படும் அளவின்படி காபனீரொட்சைட்டின் விட்டம் 0.33 நனோமீற்றர், நைதரசனுடையது 0.364; மெதேனுடையது 0.38. காபனீரொட்சைட்டுக்கும் நைதரசனுக்கும் இடையேயுள்ள வேறுபாடு 0.034 நனோமீற்றர் மட்டுமே. சிஃப்-8 என்ற இமிடசோலேற்றுச் சட்டகத்தின் சாளரம் பளிங்கியல் அளவீட்டின்படி 0.34 நனோமீற்றர். எனவே அது காபனீரொட்சைட்டை விட்டு நைதரசனைத் தடுக்கும் என எதிர்பார்க்கத் தோன்றும். உண்மை வேறு. அச்சாளரத்தின் ஓரத்திலுள்ள மூலக்கூறுகள் ஊஞ்சல்போல் ஆடுவன. ஆகையாற் பெரிய மூலக்கூறுகளும் நெருக்கிப் புகுந்துவிடுகின்றன. அப்பொருள் சிறந்து விளங்குவது புரோப்பிலீனையும் புரோப்பேனையும் பிரிப்பதிலேயே. சட்டகம் கல்லன்று, அது அசைவது. துளையின் அளவோடு, துளைச் சுவர் எந்த மூலக்கூற்றைக் கூடுதலாக ஈர்க்கின்றது என்பதும் பிரிப்பைத் தீர்மானிக்கின்றது.

4. சல்லடையும் அமுக்கமும்

இனி மையமான வினாவுக்கு வருவோம். நைதரசனின் ஒரு மூலக்கூற்றைத்தானும் விடாத, தேர்வுத்திறன் எல்லையற்ற ஓர் இலட்சிய மென்சவ்வு நம் கையிற் கிடைத்துவிட்டதாகக் கொள்வோம். அதனை நுரைச்சோலைப் புகையில் வைத்தால் என்ன நிகழும்?

மென்சவ்வினூடாக வாயுவைச் செலுத்துவது இருபக்கங்களிலுமுள்ள பகுதியமுக்கங்களின் வேறுபாடாகும். புகையின் மொத்த அமுக்கம் ஒரு வளிமண்டலம்; அதில் 13 சதவீதம் காபனீரொட்சைட்டாயின் அதன் பகுதியமுக்கம் 0.13 வளிமண்டலம். மறுபுறத்தில் அதன் பகுதியமுக்கம் இதற்குச் சமமாகியதும் பாய்ச்சல் நின்றுவிடும். மறுபுறத்தை வெற்றிடப் பம்பியால் 0.2 வளிமண்டலத்துக்குக் குறைத்து வைத்திருப்பதாகக் கொண்டால், அங்கே காபனீரொட்சைட்டு அடையக்கூடிய உச்சப் பங்கு 0.13ஐ 0.2ஆல் வகுத்தால் வருவது, அதாவது 65 சதவீதம். புகையில் உள்ளதைப் போல் ஐந்து மடங்கு. அதற்கு மேல் இல்லை. எஞ்சிய 35 சதவீதத்தை நிரப்ப நைதரசனோ நீராவியோ ஊடுருவியே ஆகவேண்டும். அவற்றை முற்றாகத் தடுக்கும் இலட்சிய மென்சவ்வில், மறுபுறத்தின் மொத்த அமுக்கம் 0.13 வளிமண்டலத்துக்கும் கீழே இழுக்கப்பட்டாலன்றி எதுவுமே பாயாது.

ஆகவே, நுரைச்சோலையில் எல்லையை வகுப்பது துளையின் செம்மையன்று, அமுக்க விகிதமே. அவ்விகிதத்தைக் கூட்டப் புகையை நெருக்க வேண்டும். அல்லது மறுபுறத்தை மேலும் வெறுமையாக்க வேண்டும். புகையின் நான்கில் மூன்று பங்கு நைதரசனாதலால், நெருக்குவதிற் செலவாகும் சத்தியின் பெரும்பகுதி நமக்கு வேண்டாத வாயுவின்மீதே செலவாகும். ஆராய்ச்சிக் கட்டுரைகளிற் பெரும்பாலானவை தேர்வுத்திறனின் உயர்வையே தலைப்பிற் கொண்டாடுகின்றன. குறைந்த அமுக்கமுள்ள புகையைப் பொறுத்தவரை, ஓரளவுக்கு மேல் தேர்வுத்திறன் உயர்வதாற் பயன் சிறிது. ஊடுவிடுதிறன் உயர்வதே பெரும் பயன் தருவது.

5. ஈரமும் கந்தகமும் பரப்பும்

இரண்டாவது தடை நீராவி. புகழ்பெற்ற மொஃப்-5 ஈரவளிபட்டாலே சிதையும். நாக அயனுக்கும் காபொட்சிலேற்றுக்கும் இடையேயுள்ள பிணைப்பை நீர் வெட்டிவிடுகின்றது. 2008இல் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் ஆக்கப்பட்ட சேர்க்கோனியச் சட்டகம் போன்றவை இவ்வகையில் உறுதி மிக்கவை. ஆனால் சிதையாதிருப்பது மட்டும் போதாது. நீர் துளைகளை நிரப்பிக்கொண்டால் காபனீரொட்சைட்டுக்கு இடமிராது. கடலோரத்தில், கடல்நீராற் கந்தகம் கழுவப்படும் ஒரு நிலையத்தின் புகை ஈரம் நிறைந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கழுவிய பின்னும் எஞ்சும் கந்தகவீரொட்சைட்டு, சட்டகத்தின் உலோக மூட்டுக்களைத் தாக்கவல்லது. உலர்ந்த, தூய இரு வாயுக்களைக் கலந்து ஆய்வுகூடத்திற் பெறும் எண்கள் இச்சூழலில் நிலைக்கும் எனக் கொள்வதற்கில்லை.

மூன்றாவது தடை பரப்பு. 300 மெகாவாற்றுத் தொகுதி ஒன்றின் புகைக்கு, இன்றுள்ள சிறந்த பல்பகுதிய மென்சவ்வுகளைக் கொண்டு கணித்தாலும் பல இலட்சம் சதுர மீற்றர் பரப்பு வேண்டும். ஐந்து இலட்சம் எனக் கொண்டால் அது 50 ஹெக்டேயர். பல்பகுதியத்தைச் சுருட்டியோ நுண்குழாய்களாக நூற்றோ சிறு கலங்களுள் அடைக்கலாம். பளிங்கு அவ்வாறு வளையாது. பளிங்குப் படலத்தில் மயிரிழையளவு வெடிப்பு ஒன்று விழுந்தால், வாயு அனைத்தும் அவ்வழியே ஓடிவிடும். நெற்களஞ்சியத்தின் கதவை எத்துணை உறுதியாகப் பூட்டினாலும் சுவரில் எலி வளை இருந்தாற் பயனில்லாதது போன்றது இது. ஆகவேதான் ஆய்வாளர் பலர் சட்டகப் பளிங்குகளைப் பொடியாக்கிப் பல்பகுதியத்திற் கலக்கும் கலப்பு மென்சவ்வுகளை நாடுகின்றனர். பொடிக்கும் பல்பகுதியத்துக்கும் இடையே வெளி விழாது ஒட்டச் செய்வதே இங்குள்ள சிக்கல். சேதனப் பகுதியைத் தன் உடலிலேயே கொண்டிருப்பதால் உலோக–சேதனச் சட்டகம் இதிற் சியோலைற்றைவிட நன்கு ஒட்டுகின்றது.

6. வேறிடங்களின் அனுபவம்

நுரைச்சோலையிலிருந்து மன்னார் வளைகுடாவைக் கடந்தாற் தூத்துக்குடி. அங்குள்ள காரத் தொழிற்சாலையொன்றில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து காபனீரொட்சைட்டைப் பிரித்துச் சோடியங் காபனேற்றாக மாற்றும் நிலையம் 2016இல் இயங்கத் தொடங்கியது. அது பயன்படுத்துவது மென்சவ்வன்று, மேம்படுத்தப்பட்ட கரைசல். ஆண்டுக்கு 60,000 தொன் அதன் இலக்கு. இதன் சிறப்பு, பிடித்த வாயுவை வாங்குவதற்கு அத்தொழிற்சாலையே காத்திருந்தமையாகும். ஆனால் மேலே கணித்த எண்ணோடு ஒப்பிடுக. நுரைச்சோலையின் மூன்று தொகுதிகளும் முழுவலுவில் இயங்கினால் அந்த 60,000 தொன்னை மூன்று நாள்களுக்குள் வெளியேற்றிவிடும். பிடித்தபின் எங்கே வைப்பது என்ற வினாவுக்கு எந்த மென்சவ்வும் விடை தராது.

சட்டகப் பொருளொன்று உண்மையான புகையை எதிர்கொண்ட நிகழ்ச்சி கனடாவில் நடந்தது. கல்கரிப் பல்கலைக்கழகத்தில் உருவான கால்ஃப்-20 என்ற நாகச் சட்டகம், பிரிட்டிஷ் கொலம்பியாவிலுள்ள சீமெந்துத் தொழிற்சாலையொன்றின் புகையிற் சோதிக்கப்பட்டு, 2021இல் அதன் விவரம் வெளியாயிற்று. ஓரளவு ஈரத்திலும் அது காபனீரொட்சைட்டைப் பிடித்தது. அதுவும் மென்சவ்வாக அன்றி, வாயுவைத் தன் புறத்தே உறிஞ்சிப் பின் விடுவிக்கும் படுக்கையாகவே பயன்பட்டது. புத்தளத்திலும் சீமெந்துத் தொழிற்சாலை உண்டு. மின்சாரத்தைக் காற்றிலிருந்தும் சூரியனிலிருந்தும் பெறலாம். சுண்ணக்கல்லைச் சுட்டால் காபனீரொட்சைட்டு வந்தே தீரும். எனவே நீண்டகால நோக்கில், இப்பகுதியிற் பிரிப்புத் தொழில்நுட்பத்துக்கு நியாயமான தேவை மின்னிலையத்தைவிடச் சீமெந்துச் சூளையிலேயே இருக்கலாம்.

அமுக்கம் பற்றிய வாதம் இன்னோரிடத்தையும் சுட்டுகின்றது. 2011இல் மன்னார்ப் படுகையில் டொராடோ, பராகுடா என்னும் கிணறுகளில் இயற்கை வாயு கண்டறியப்பட்டது. அது இன்னும் வணிக ரீதியில் எடுக்கப்படவில்லை. நிலத்தடியிலிருந்து வரும் வாயு இயல்பாகவே உயர் அமுக்கமுடையது. நெருக்கும் செலவின்றியே மென்சவ்வு அங்கே வேலை செய்யும். மென்சவ்வுகள் கடந்த நாற்பதாண்டுகளாக இயற்கை வாயுத் தொழிலில் வெற்றி பெற்றமைக்கும், புகைபோக்கியிற் பின்தங்கியமைக்கும் காரணம் இதுவே.

7. யாருக்காக இந்த மென்சவ்வு?

மின்னிலையம் அமைவதற்கு முன்னரே, 1990களின் பிற்பகுதி முதல், தலவில் புனித அன்னாள் தேவாலயத்தைச் சூழ்ந்த கத்தோலிக்க மக்களும் மீனவரும் அதனை எதிர்த்தனர். அது இயங்கத் தொடங்கிய பின்னர், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் கரித்தூளும் சாம்பலும் வீடுகளிலும் தோட்டங்களிலும் படிவதாக அயற்கிராம மக்கள் முறையிட்டு வந்துள்ளனர். கடல் கொந்தளிக்கும் அக்காலத்திற் கப்பல்களிலிருந்து கரியை இறக்க இயலாதாகையால், முன்கூட்டியே இறக்கிய கரி திறந்தவெளியிற் குவிந்து கிடப்பதும் இதற்கு ஒரு காரணம்.

காபனீரொட்சைட்டு மென்சவ்வு இத்தூளில் ஒரு மணியைத்தானும் தடுக்காது. தூளைத் தடுப்பதற்கு நீர்த் தெளிப்பும், காற்றுத் தடுப்பு வேலியும், நிலைமின் வீழ்படிவாக்கியும் போதும். இவை நோபல் பரிசை வேண்டாத, பழைய, அறியப்பட்ட சாதனங்கள். வேண்டியது ஒழுங்கான பராமரிப்பும், அளவீடுகளை மக்கள் அறிய வெளியிடும் பொறுப்புணர்வுமே. இலங்கையரின் தலா ஆண்டு வெளியேற்றம் ஏறத்தாழ ஒரு தொன் மட்டுமே. கைத்தொழில் நாடுகளுடையது அதனிலும் பன்மடங்கு. உலகின் காலநிலைக் கடனைத் தீர்க்கும் செலவை நுரைச்சோலையின் மின்பட்டியலில் ஏற்றுவதும், அவ்வூரின் தூளை மறப்பதும் ஒருங்கே நிகழுமாயின், அது விஞ்ஞானத்தின் பெயரால் இழைக்கப்படும் அநீதியாகும். 2021இல் இலங்கை புதிய நிலக்கரி மின்னிலையங்களை அமைப்பதில்லை என்ற சர்வதேச உடன்பாட்டில் முன்னின்று இணைந்தது. அதே குடாநாட்டின் மாம்புரியில் 2010 முதற் காற்றாலைகள் சுழல்கின்றன. கரித்தூளை அள்ளிச் செல்லும் அதே காற்றுத்தான் அவற்றையும் சுழற்றுகின்றது.

இவ்வாறு கூறுவது சட்டகங்களின் அருமையைக் குறைப்பதற்கன்று. வெற்றிடத்தையே திட்டமிட்டு ஆக்கும் திறனை மனிதன் பெற்றமை இரசாயன வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அத்திறன் பெருஞ் செலவையும் வேண்டாதது. சிஃப்-8ஐ ஆக்க நாக நைத்திரேற்றும் மெதயிலிமிடசோலும் கரைப்பானும் அறை வெப்பநிலையும் போதும். யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ உள்ள மாணவர் ஆய்வுகூடம் ஒன்றுக்கு அது எட்டாக்கனியன்று. எட்டவேண்டியது சரியான வினாவே. உலர்ந்த தூய வாயுவில் உலகச் சாதனை எண்ணொன்றைத் தேடுவதைவிட, ஈரமும் கந்தகமும் கடலுப்பும் கலந்த நமது கரையோரப் புகையில் எந்தச் சட்டகம் ஓராண்டு நிலைக்கும், சீமெந்துச் சூளைக்கு எது பொருந்தும் என்று ஆராய்வது இந்நாட்டு ஆய்வாளருக்குரிய பணி. துளையின் அளவை இரசாயனவியலாளர் வகுக்கலாம். எந்த வாசலில் அதனை வைப்பது என்பதை வகுக்கும் வேளையில் நுரைச்சோலை மக்களின் குரலும் கேட்கப்படல் வேண்டும்.